முதல் கை அடுப்புக்கு

நம் காலத்தில் குடி இல்லை என்று நம் ஓய்வூதியர் கூட்டத்தில் மாதாமாதம் யாராவது ஒருவர் சொல்கிறார். வடை வந்த பிறகு சொல்கிறார். காபி வருவதற்குள் எல்லோரும் ஆமோதித்து முடித்துவிடுகிறோம். நானும் தலையாட்டியிருக்கிறேன். ரெவின்யூ இலாகாவில் முழு சர்வீஸையும் ஓட்டிய ஒரு பெண்ணுக்குத் தலையாட்டுவது மூச்சு விடுவது மாதிரி. போன கூட்டத்தில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது, ஆகவே குடி இல்லை என்று காரணமும் சொன்னார். சட்டம் இருந்தது, ஆகவே குற்றம் இல்லை என்று ஊர்க்காரர் யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஆபீசில் உட்கார்ந்து தேய்ந்தவர் சொல்லக் கூடாது. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர், சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகிற பாதையில் இருந்தது. எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் கல்வராயன் மலை தெரியும். அப்பாவுக்குக் கரும்பு. தை பிறந்தால் எங்கள் கொல்லையில் கீற்றுக் கொட்டகை எழும்பும், அடுப்பு வெட்டுவார்கள், மாடு கட்டிய ஆலை கிறீச்சிட ஆரம்பிக்கும். மாசி முடியும் வரை ஊரே இனிப்பாக நாறும். நாறும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் அது வாசனை. பிறகு தலைமுடியிலும் பாயிலும் பள்ளிக்கூடப் பையிலும் ஏறிக்கொண்டு, சோற்றில்கூடப் பாகு வாடை அடிக்கும்.

நல்ல வெல்லம் கிழக்கே மண்டிக்குப் போகும். பதம் தப்பியதும் மண் கலந்ததும் கறுத்துப்போனதும் தனி மூட்டையாகி மேற்கே போகும். மேற்கே மண்டி எதுவும் கிடையாது, மலைதான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அதே வெல்லம் சாராயமாகி, வேலம்பட்டை வாடையோடு, லாரி டியூபில் நிரம்பி, கடுக்காய் மூட்டைகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு கீழே இறங்கி வரும். டியூபின் வாயைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். உயிருள்ள ஏதோ ஒன்று மூச்சடக்கிக் கிடப்பது போல அது வண்டியில் குலுங்கும். இன்றைக்கு அப்படி ஒரு டியூபை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். வைக்க மாட்டார்கள்.

அப்பா குடித்ததே இல்லை. கதர்தான் கட்டுவார். ஊர் மதுவிலக்குக் கமிட்டியில் அங்கத்தினர். கமிட்டி அவ்வப்போது கூடித் தீர்மானம் போடும். கறுத்த வெல்லம் எங்கே போகிறது என்பது பற்றித் தீர்மானம் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கொட்டகையில் முக்கியமானவர் பாகுக்காரர். இப்போது எழுதும்போது ‘அவர்’ போடுகிறேன். அன்றைக்கு நான் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தேன். அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ‘வாங்க பாப்பா’ என்பார். இதில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கொப்பரையில் கரும்புச் சாறு கொதித்து, நுரை வெளுத்து, மஞ்சளாகி, பொன்னிறத்துக்கு வரும்போது அவர் கையை உயர்த்துவார். உடனே எல்லோரும் ஓடிவந்து கொப்பரையை இறக்குவார்கள். எனக்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நாரில் கட்டிப் பாகில் விட்டு எடுப்பார். தோலோடு தின்ன வேண்டும். நாக்கு பொத்துப்போகும். அந்த ருசியை அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் நான் வாங்கவில்லை.

அவர் பெண்சாதி எங்கள் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளுவாள். கைக்குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு வேலை செய்வாள். வாய்க்காரி. ஒரு நாள் புருஷனுக்குக் கூழ் கொண்டுவந்தவள் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “கொப்பரையப் பாக்கற மாதிரி ஒரு நாளாவது எம் மூஞ்சப் பாத்துக்கிறியா?” என்றாள். அவர் கொதியிலிருந்து கண்ணை எடுக்காமல், “கொப்பரைன்னா எறக்கி வெச்சிடலாம்” என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அவர்கள் குடிசை எங்கள் நிலத்து ஓரத்தில்தான் இருந்தது. கொட்டகையில் வேலை செய்த மற்றவர்களின் குடிசைகளும் அதே வரிசையில் இருந்தன.

கடைசிக் கொப்பரை இறங்கும் நாளை அடுப்பு அவிக்கிற நாள் என்போம். ஆடு வெட்டுவார்கள். ஆட்களுக்குச் சாராயம் தருவது நிலக்காரர் பொறுப்பு. தராவிட்டால் அடுத்த வருஷம் அடுப்பு எரியாது என்பது நம்பிக்கை. ஆள் வரமாட்டார்கள் என்பது நடைமுறை. அதற்கும் ஒரு முறை உண்டு. முதல் கைச் சாராயத்தை நிலக்காரரே அடுப்பு வாயில் ஊற்ற வேண்டும். அது குப்பென்று பற்றினால் அடுப்பு ஏற்றுக்கொண்டது. அடுப்பு ஏற்றுக்கொண்டால் சரக்கு சுத்தம். பற்றாமல் புஸ்ஸென்று அவிந்தால் தண்ணீர் கலந்தது, கொண்டுவந்தவனுக்கு வசவு. கதர்ச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு அப்பா ஊற்றுவார். குடிப்பதுதான் பாவம், ஊற்றுவது சடங்கு. சட்டத்தில் இல்லாத இந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் இருந்தது.

அந்த வருஷம் மாசியில் மலையில் ரெய்டு நடந்தது. யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று ஓடை ஓடையாக இறங்கிப் பானைகளை உடைத்தார்கள். அதிகாரி போனதும் புதுப் பானை வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கரும்பு அதுவரை காத்திருக்காது. அடுப்பு அவிக்கிற நாள் வந்துவிட்டது, டியூப் வரவில்லை. வழக்கமாகச் சரக்கு கொண்டுவரும் சைக்கிள்காரர் எங்கெங்கோ அலைந்து, டவுனிலிருந்து ஒரு தகர டின்னைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஆடு வெந்துகொண்டிருந்தது. வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. கரும்பு வெட்டுகிற அண்ணன் தம்பி இருவரில் தம்பி, டின்னைத் தட்டிப் பார்த்து, “இன்னாய்யா, மண்ணெண்ண டின்னுல கொண்ணாந்துக்கிற? குடிக்கறதா, வெளக்கு ஏத்தறதா?” என்று கேட்டான். சைக்கிள்காரர், இது மலைச் சரக்கு மாதிரி இல்லை, மெஷினில் காய்ச்சியது, அரைத் தம்ளர் போதும், தண்ணீர் ஜாஸ்தி விட்டுக் குடிக்க வேண்டும் என்றார். அதில் ரப்பர் வாடை இல்லை, பட்டை வாடை இல்லை. வாடை கம்மியாக இருந்ததே உயர்ந்த சரக்கு என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

அப்பா ஒரு தம்ளரை வாங்கி அடுப்பு வாயில் ஊற்றினார். அதுவரை எந்த வருஷமும் அப்படி எரிந்து நான் பார்த்ததில்லை. தணல் மேல் விழுந்ததும் ஒரு வெளிறிய நீலம், நிறமே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு நீலம், ஆள் உயரத்துக்கு எழும்பி அப்பாவின் கை முடியைப் பொசுக்கியது. அவர் பின்னால் தாவினார். கொட்டகை ஆரவாரித்தது. பாகுக்காரர்தான் முதலில் பேசினார்.

“ஆண்ட வூட்டு அடுப்புக்கே ஏறிடுச்சி. நமக்கு ஏறாதா?”

எங்கள் பக்கத்துக் கூலி ஆட்கள் நிலக்காரரை ஆண்ட என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்ட சிரித்தார். டின் சுற்றிவந்தது.

பிற்பாடு உத்தியோகத்தில் எத்தனையோ ரசாயனப் பரிசோதனை அறிக்கைகள் என் மேஜையைக் கடந்து போயின. வார்னிஷுக்கும் பாலிஷுக்கும் பயன்படுகிற ஸ்பிரிட் ஒன்று உண்டு. மெதில் ஆல்கஹால் என்பார்கள். குடிக்கிற சாராயத்தைப் போலவே அதுவும் எரியும். சாராயத்தைப் போலவே போதையும் கொடுக்கும். ஒரு நாள் போல உடம்புக்குள் சும்மா கிடக்கும். பிறகு கண் நரம்பைத் தின்னும், மூச்சைப் பிடிக்கும். நெருப்பு இரண்டையும் ஒன்றாகத்தான் ஏற்றுக்கொள்கிறது. அதற்குக் கண் கிடையாது. இது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அடுப்பு பொய் சொல்லாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் எல்லோரும் வழக்கம் போல எழுந்தார்கள். தலைவலி என்று சிலர் மோர் கேட்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் வாந்தி, வயிற்று வலி. அம்மா கஷாயம் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். பாகுக்காரர் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு நேர் மேலே வெயில் காய்ந்தது.

“யாரு, பாப்பாவா? இன்னா இது, பனி இன்னும் வுடலயே” என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பனி எங்கும் இல்லை. அவர் பெண்சாதி கஷாயச் செம்பை என் கையிலிருந்து வாங்கியவள், வாங்கியபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் தாழ்வதற்குள் கரும்பு வெட்டுகிற தம்பி செத்துப்போனான். அப்பா வண்டி கட்டி, பாகுக்காரரையும் அந்த அண்ணனையும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மெட்ராசிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் டாக்டரிடம் அப்பாவே பேசினார், அதுவும் இங்கிலீஷில். கறி கெட்டுப்போய்விட்டது, ஃபுட் பாய்சன் என்றார். டாக்டர் கதரையும் இங்கிலீஷையும் நம்பினார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். வாந்திக்கு மருந்து கொடுத்து, தண்ணீர் ஏற்றச் சொன்னார்.

ஊரில் கிராம முன்சீப்பும் அப்பாவும் பேசி, வாந்திபேதி என்று முடிவுசெய்தார்கள். முன்சீப்பும் மதுவிலக்குக் கமிட்டி அங்கத்தினர்தான். அதன்பின் நிர்வாகம் அற்புதமாக இயங்கியது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். தெருவெல்லாம் சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காலரா ஊசி போட்டார்கள். எனக்குக் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. காலரா மட்டும்தான் எங்கள் ஊரில் இல்லை. அதே ஆட்டின் கறியை எங்கள் வீட்டில் நாங்களும் தின்றிருந்தோம், ஒருவருக்கும் ஏப்பம்கூட வரவில்லை. இதை யாரும் கேட்கவில்லை. விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் அனுபவம் என்று பெயர்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் காலையில் பாகுக்காரர் பெண்சாதி ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. கரும்பு வெட்டுகிற அண்ணனும் விடியற்காலையில் போய்விட்டான் என்றாள். அம்மா அடுப்படியில் நின்றாள், நான் அம்மாவின் பின்னால். அப்பா வாசற்படியில் நின்றார்.

“ஆண்ட, கையக் கண்ணுக்கு நேரா ஆட்டறன், தெரிலன்னுதுங்க. மூச்சு புசுபுசுன்னு வாங்கிக்கினு கெடக்குது. டாக்டருகிட்ட சாராயம்னு சொல்லிட்டா வேற மருந்து குடுப்பாருங்களா? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

அப்பா சட்டத்தை எடுத்துச் சொன்னார். குடிப்பதே குற்றம். ஆஸ்பத்திரியில் சொன்னால் டாக்டர் போலீசுக்கு எழுதியே ஆக வேண்டும். போலீஸ் வந்தால் ஊரே சந்தி சிரிக்கும்.

“மொதல்ல உள்ள போறது உன் வூட்டுக்காரந்தான். வாயத் தொறக்காத. ரெண்டு நாளு பொறுத்துக்கோ, சரியாப் பூடும்.”

சட்டத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சாராயத்தை வாங்கிக் கொடுத்தவருக்கு அதே சட்டத்தில் என்ன இடம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. குடிசை யார் நிலத்தில் நிற்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

“அது உள்ள கெடந்தா நான் போயி ஜன்னல் வழியா பாத்துட்டு வருவங்க. செத்துப்பூட்டா எங்கங்க போயி பாக்கறது?”

அப்பா உள்ளே போய்விட்டார். அம்மா அவள் கையில் பஸ்ஸுக்குச் சில்லறையைத் திணித்தாள். அது எந்தப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு என்று அம்மா சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அம்மா அப்பாவுக்கு விரோதமாகச் செய்ததாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவள் போய்ச் சொன்னாள். டாக்டர் முதலில் அவளைத் திட்டியதாகவும், பிறகு திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு மருந்தறைக்கு ஓடியதாகவும் பிற்பாடு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து நல்ல சாராயம் என்பது வைத்தியத்தில் உள்ளது. ஆஸ்பத்திரியில் மருந்துக்கென்று பிராந்தி பூட்டி வைத்திருப்பார்கள். அதைத் திறக்கக் கையெழுத்துகள் வேண்டும். டாக்டர் பூட்டை முதலில் திறந்து, கையெழுத்தைப் பிறகு போட்டாராம். அந்த மனிதர் உத்தியோகத்தில் மேலே வந்திருக்க முடியாது. அவுன்ஸ் கிளாஸில் அளந்து, மணிக்கொருதரம் புகட்டினார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த அந்தத் தாலுகாவில் அரசுச் செலவில் வேளை தவறாமல் குடித்த ஒரே ஆள் எங்கள் பாகுக்காரர்தான்.

மூச்சு சீரானதும் அவர் பெண்சாதியிடம் சொன்னாராம்: “இத்த மொதல்லயே குடுத்திருந்தா, அத்த ஏன் குடிக்கப் போறன்?”

உயிர் நின்றது. கண் திரும்பவில்லை. ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. செத்துப்போன இருவரும் வாந்திபேதியில் போனவர்கள், எரித்தாகிவிட்டது, எரித்ததைத் தோண்டி எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. குறைவாகக் குடித்துத் தப்பியவர்கள், நாங்கள் கறிதான் தின்றோம் என்றார்கள். சைக்கிள்காரர் சைக்கிளோடு மறைந்துவிட்டார். டாக்டர் போலீசுக்கு எழுதியது ஒரே ஒருவரைப் பற்றி. ஊரில் குடித்ததாக ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்; ஆகவே ஊரில் குடித்தவரும் அவர் ஒருவர்தான். போலீஸ் வந்தபோது மதுவிலக்குக் கமிட்டி அங்கத்தினர் என்ற முறையில் அப்பாவின் ஒத்துழைப்பைக் கேட்டார்கள். கொடுத்தார்.

யார் கொடுத்த சாராயம் என்று கேட்டதற்குப் பாகுக்காரர், வழியில் போன யாரோ என்று சொல்லிவிட்டார். அவர் பெண்சாதியும் அதையே சொன்னாள். உண்மையில் பாதியைச் சொல்லிப் புருஷன் உயிரை மீட்டாள், மறுபாதியைச் சொல்லாமல் குடிசையைக் காப்பாற்றிக்கொண்டாள். இன்றைக்கு என்றால் நிவாரணம், விசாரணைக் கமிஷன், நாலு பேர் சஸ்பெண்ட் என்று ஏதாவது நடக்கும். நடந்து முடிந்து அடுத்த முறையும் நடக்கும். எங்கள் கொட்டகையிலும் அடுத்த மாசியில் அடுப்பு அவித்தார்கள், ஆடு வெட்டினார்கள், அப்பா முதல் கையை ஊற்றினார். டியூபில் வந்த மலைச் சரக்குதானா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த சீர்திருத்தம். கொப்பரையை யாரோ ஒரு புது ஆள் பார்த்தார். பாகு தீய்ந்துபோய், அந்த வருஷம் மேற்கே போன மூட்டைகள் ஜாஸ்தி.

கோர்ட்டில் வழக்கு வந்தது அதற்கு முன்பே, சாவு விழுந்த அதே வருஷக் கோடையில். என்னை ஹைஸ்கூலில் சேர்க்க அப்பா டவுனுக்கு அழைத்துப் போனார்; அதே நாளில் வாய்தா. பள்ளிக்கூட வேலை முடிந்து நாங்கள் கோர்ட்டுக்குப் போனபோது பாகுக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று யோசனை சொன்னது அப்பாதான். மாஜிஸ்திரேட் இரக்கப்பட்டார். சின்ன அபராதம், கோர்ட் கலையும் வரை காவல். நமக்குத் தெரிந்த தண்டனைதான்: மாஜிஸ்திரேட் எழுந்து போகும் வரை குற்றவாளி அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அபராதத்தை அப்பா கட்டினார்.

பாகுக்காரரைச் சுவரோரம் தரையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. அது என்ன சத்தம் என்று அவர் அடிக்கடி முகத்தைத் தூக்கிக் கேட்டார். எல்லைத் தகராறு, மாட்டுத் தகராறு என்று வழக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. சாயங்காலம் மாஜிஸ்திரேட் எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிச் சத்தம் கேட்டுப் பாகுக்காரரும் எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று யாரும் சொல்லாததால் மறுபடி உட்கார்ந்துவிட்டார். வக்கீல்கள் போனார்கள். மாஜிஸ்திரேட்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுச் சேவகரான டவாலியும் போய்விட்டார். பாகுக்காரர் பெண்சாதி குழந்தைக்குப் பால் வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தாள். காலி அறையில் தண்டனையை அனுபவித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.

அப்பா வாசலில் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். ஆனால் நகரவில்லை. பிறகு என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.

செருப்புச் சத்தம் கேட்டுப் பாகுக்காரர் முகத்தைத் திருப்பினார்.

“யாருங்க? டவாலிங்களா?”

அப்பா குரலை மாற்றித் தடிப்பாக்கிக்கொண்டு, “ஆமா. கோர்ட்டு கலைஞ்சிடுச்சி. எழுந்து போ” என்றார்.

பாகுக்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார். எங்கள் பக்கத்தில் கூலி ஆட்கள் தோள் துண்டை இறக்குவது நிலக்காரர் முன்னால் மட்டும்தான். அன்றைக்கு மாஜிஸ்திரேட் முன்னால்கூட அது அவர் தோளிலேயே கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. இப்போது அதை எடுத்து மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குரல் வந்த திசைக்கு லேசாகக் குனிந்தார்.

“வரங்க, டவாலி” என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.